நட்சத்திரம் இல்லாத கொப்பி

அன்பு மகனுக்கு, உன் வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. நீ குரல் பதிந்து அனுப்பிய கெசட் போன கிழமை கைக்குக் கிடைத்தது. மருதமுனைக்கு லீவில் வந்த உன் கூட்டாளிதான் வீடு தேடி வந்து தந்துவிட்டுப் போனார். வழக்கம்போல எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். முதல் பக்கம் முழுக்கக் கல்யாணக் கதை. பொண்ணு வீட்டில் உனக்குக் கட்டுகிற அறைக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வைக்கிறது என்று நீ சவூதியில் இருந்துகொண்டு சொல்கிறாய். உன் உம்மா இங்கே இருந்துகொண்டு "ஓம் மனெ, ஓம் மனெ" என்று ரேடியோவுக்குப் பதில் சொல்கிறாள். நான் மட்டும் கெசட்டில் பதில் அனுப்பாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். போன தடவை நான் எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, உன் குரல் அழிந்துபோய் எங்கள் சேவல் கூவியதுதான் பதிந்திருந்தது. அது ஒரு காரணம். மற்றக் காரணம், இனி நான் சொல்லப் போவதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. எழுத்து என்றால் நடுங்கினாலும் கோழி கிளறிய மாதிரித்தான் இருக்கும். என் எழுத்து எப்போதும் அப்படித்தான், உனக்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் நீ சொன்ன விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ லீவில் வந்து நின்றபோது நடந்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாகப் போட்ட நீளக் கடதாசி ஒன்றை நிலத்தில் விரித்துவைத்து, நீ செய்கிற வேலை என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தினாய். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குக் கொம்பியூட்டர் விளங்கப்படுத்த ஒரு பொறுமை வேண்டும். அது உனக்கு உம்மாவின் பக்கத்தில் இருந்து வந்தது. "வாப்பா, இந்த வரியெல்லாம் மிசின் வாசிச்சு வேல செய்யும். இடையில இந்தக் குறி போட்டு எழுதியிரிக்கிற வரிகள மிசின் வாசிக்காது, தாண்டிப் போயிரும்" என்றாய். "வாசிக்காத மிசினுக்கு எதுக்கு மனெ எழுதிற? பேப்பர் மிச்சமா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, "மிசினுக்கில்ல வாப்பா, எனக்குப் பொறகு வாற ஆளுக்கு" என்று சொன்னாய்.

அந்த வரிகளுக்குள்ளும் சின்னச் சின்னக் குறிகள் இருந்தன. அச்சுக்கூடத்து வேலை ஒன்றும் இல்லை, டைப் அடிக்கிற பலகையில் கிடக்கிற குறிகள்தான். வரியின் தலையில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அது முதலில் வாசிக்க வேண்டிய வரி. ஒரு கோடு இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய காரியம். ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் அடிக்கோடு இருந்தால் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. இந்தக் குறி போட்ட வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, நட்சத்திர வரியைப் பெரிய எழுத்திலும் மற்றவற்றைச் சின்ன எழுத்திலும் புத்தகமாக அச்சடித்துத் தர நீயே இன்னொரு சின்னப் புரோகிராம் எழுதியிருந்தாய். புத்தகம் இல்லாவிட்டாலும் குறைவில்லை, மிசினுக்கு முன்னால் குந்தியிருக்கிறவன் அப்படியே வாசித்தாலும் விளங்கும் என்றாய். பிறகு, "இந்த நட்சத்திரம் உங்கட மில் கொப்பியில இரிந்து எடுத்ததுதான் வாப்பா" என்றாய். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். வாப்பாவுக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது என்று உம்மாவிடம் நீ சொன்னது எனக்கும் கேட்டது. பெருமை இல்லை மகன்.

அன்று நீ ஒரு வரியைக் காட்டியது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. உன் புரோகிராம் அந்த ஆஸ்பத்திரியின் மருந்து அறைக்கு உரியது. காலையில் எந்த வார்டுக்கு எந்த மருந்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சொல்லும். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பு நிறையைப் பார்த்து அளவு சொல்லும். ஒவ்வொரு நோயாளியாக எடுக்கும்போது, முந்தின ஆளின் நிறையை அழித்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி. பார்க்கிறவனுக்கு அது தேவையில்லாத வரி, புது நிறை வந்தால் பழையது தானாகவே போய்விடும்தானே என்றாய். ஆனால் தாதி அவசரத்தில் நிறையை எழுத மறந்துவிட்டால், அந்த வரி இருந்தால் மிசின் நின்றுவிடும்; இல்லாவிட்டால் முந்தின ஆளின் நிறையை வைத்தே கணக்குப் போடும். பெரிய ஆளுக்குரிய மருந்து கைக்குழந்தைக்குப் போகும். "சுத்தமா வேல செய்யிற ஒருத்தன் வந்தா முதல்ல இந்த வரியத்தான் வெட்டி எறிவான் வாப்பா. அதுதான் அதுக்கு மேல, மிசின் வாசிக்காத வரி ஒண்டு எழுதி, தலையில நட்சத்திரம் போட்டிரிக்கன்" என்று நீ சொன்னாய். சுத்தமாக வேலை செய்கிற ஒருத்தன். நீ சொன்ன அந்தச் சொல் என் நெஞ்சில் எங்கே போய் இடித்தது என்று உனக்குத் தெரியாது.

இப்போது கெசட்டின் கடைசிக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் மூன்று தரம் திருப்பிப் போட்டுக் கேட்டேன், அதனால் ஒரு சொல்லும் பிசகாது. "வாப்பா, இஞ்ச புதுசா ஒருத்தன் வந்திரிக்கான். லீவுல போக முந்தி அந்தப் புத்தகத்த அச்சடிச்சு அவனுக்கிட்டக் குடு எண்டு மெனேஜர் சொல்றாரு. எங்கட ரூம் கூட்டாளி சொன்னான், புத்தகம் குடுத்துட்டு லீவுல போனவனெல்லாம் திரும்பி வரல்லயாம். அதனால நான் ஒரு வேல செஞ்சிட்டன். குறி போட்ட வரியெல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டன். புரோகிராமுக்கு ஒண்ணும் ஆகாது, முந்தி மாதிரியே ஓடும். எடுத்தது என்ட சூட்கேசுக்குள்ள பத்திரமா கிடக்கு. இனி என்ன உட்டா ஒருத்தனுக்கும் வெளங்காது." அதற்குப் பிறகு உன் சிரிப்பு. உம்மாவும் சிரித்தாள். "என்ட புள்ள கெட்டிக்காரன், ஆருக்கிட்டயும் ஏமாறமாட்டான்" என்றாள். நான் பற்றரி இறங்கிவிட்டது என்று சொல்லி ரேடியோவை நிறுத்தினேன். அன்று காலையில்தான் புதுப் பற்றரி போட்டது.

"இனி என்ன உட்டா ஒருத்தனுக்கும் வெளங்காது." மகன், இதே வசனத்தை, இதே வீட்டில், இதே பெண்ணிடம் நான் பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன். அன்றும் அவள் சிரித்தாள்.

ஹாஜியாரின் நெல் அவிக்கிற மில்லில் நான் பொயிலர்காரனாக இருந்தது உனக்குத் தெரியும். அதற்குப் படித்துப் பட்டம் வாங்கினேன் என்று நினைக்காதே. மூட்டை தூக்கப் போனவன், முதுகு சரிவராமல் பொயிலர் அடுப்புக்கு உமி தள்ளினேன். உமி தள்ளினவன், முந்தின பொயிலர்காரர் மவுத்தாகி இடம் காலியானபோது பக்கத்தில் நின்ற குற்றத்துக்காகப் பொயிலர்காரன் ஆனேன். அந்தப் பொயிலரின் முகத்தில் விரல் தடிப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அதில்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் இரும்பு காயும். காய்ந்து சிவந்த இரும்பின்மேல் மறுபடி தண்ணீர் பாய்ந்தால் அதன் பிறகு பேச்சில்லை. கண்ணாடியின் கீழ்ப் பக்கத்தில் தண்ணீர் வருகிற வழிக்கு ஒரு பித்தளைத் திருகு. எந்தத் திருகிலும் கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் பூட்டு. இது குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கள் திருகு ஒருமுறை தேய்ந்துபோய், கடைந்து திருத்தியபோது உள்ளே துளை மாறிவிட்டது. அதற்குப் பிறகு குறுக்கே நின்றால்தான் திறப்பு. நேராக்கினால் பூட்டு. பூட்டினால் கண்ணாடியில் நின்ற தண்ணீர் அப்படியே நிற்கும். உள்ளே வற்றிப்போனாலும் கண்ணாடி பாதி என்றே காட்டும். திருப்பிச் செய்ய இன்னொரு நாள் மில்லை நிறுத்த வேண்டும். "இப்பிடியே ஓடட்டும், உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் ஹாஜியார். எனக்குத்தான் தெரியும். அந்தச் சொல் எனக்கு இனித்தது.

அந்த மாதிரி விஷயங்களை எழுதிவைக்கத்தான் ஆணியில் ஒரு கொப்பி தொங்கவிட்டிருந்தேன். எனக்கு வசனம் எழுதக் கை ஓடாது, அதனால் குறி. செய்ய வேண்டியதற்குக் கோடு, தொடக்கூடாததற்கு இரண்டு அடிக்கோடு, உயிருக்கு ஆபத்தானதற்குத் தலையில் நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட வரி மொத்தம் ஏழு. ஏழாவது வரி: கண்ணாடியின் கீழ்த் திருகு குறுக்கேதான் நிற்கும், அதுதான் சரி, நேராக்கக் கூடாது.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் தங்கராசா மில் வேலைக்கு வந்தான். வினாயகபுரத்து ஆள். மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவன். சூறாவளி வள்ளங்களைக் கொண்டுபோனதோடு அவன் தொழிலும் போயிற்று. பெண்சாதியையும் தவழ்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கல்முனையில் ஒரு அறையில் குடியிருந்தான். அவனைப்போல் ஒரு துப்புரவான வேலைக்காரனை நான் கண்டதில்லை. நட்டுக் கழற்றுகிற சாவிகளைச் சின்னதில் இருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்குவான். அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்ப்பான். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் என் இடுப்புச் சாரன் நுனியில் கையைத் துடைப்பதைப் பார்த்து, "காக்கா, அந்தச் சாரனப் பிழிஞ்சா ஒரு இஞ்சினுக்கு எண்ண காணும்" என்பான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் இதில் மோசமான பகுதி.

ஹாஜியார் ஒருநாள் கூப்பிட்டு, "ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிரிந்தா நல்லந்தானே. உங்கட கொப்பியில எழுதினது உங்களுக்கே வாசிக்க ஏலா. ஒரு புதுக் கொப்பியில துப்புரவா எழுதி அந்தத் தம்பிக்கிட்டக் குடுங்க" என்றார். மனிதர் நல்ல நோக்கத்தில்தான் சொன்னார் என்று இன்றைக்கு விளங்குகிறது. அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் ஒருவன், "காக்கா கொப்பி எழுதல்ல, தன்ட சீட்டத் தானே கிழிக்கிறாரு" என்று சொல்ல, இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைப் பற்றிய பகிடிக்கு முதலில் சிரிக்கிறவன் நான்தான் என்று உனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தடித்த அட்டை போட்ட புதுச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, என் வாழ்க்கையிலேயே இல்லாத அழகான எழுத்தில், கோடு போட்ட வரிகளையெல்லாம் எழுதினேன். நட்சத்திரம் போட்ட ஏழு வரியையும் விட்டுவிட்டேன். உம்மாவிடம் அந்த வசனத்தைச் சொன்னதும் அப்போதுதான்.

மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை மகன். ஒவ்வொரு நட்சத்திரமாக விரல் வைத்துப் பார்த்துத் தாண்டினேன். ஆவி குறையும், நெல் வேகாது, ஹாஜியார் கத்துவார், இரண்டு நாளில் எனக்கு ஆள் வரும், நான் போய் ஒரு தட்டுத் தட்டிச் சரியாக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன் என்றுதான் கணக்குப் போட்டேன். ஆள் சாகும் என்ற கணக்கு அதில் இல்லை. ஆனால் நட்சத்திரத்துக்கு அர்த்தம் வைத்தவன் நான். உயிருக்கு ஆபத்து என்று என் கையால் எழுதிய வரியை, உயிருக்கு ஆபத்து இல்லை என்று நினைத்து விட்டேன் என்றால் அதை யார் நம்புவார்?

கொப்பியைக் கொடுத்துவிட்டு, உம்மாவின் சீதன வயல் சிறுபோக அறுவடைக்குச் சவளக்கடைக்குப் போனேன். மூன்றாம் நாள் காலையில் மில்லின் மூட்டைக்காரர் ஒருவர் வரம்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "காக்கா, ஹாஜியார் உடனே வரட்டாம்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு மறைக்க மாட்டேன். "என்ன, நான் இல்லாம ஓடல்லயோ?" என்று சிரித்தேன். வாய்க்காலில் இறங்கிச் சாவகாசமாகக் காலைக் கழுவினேன். உமல் பைக்குள் இருந்து நல்ல சேர்ட்டை எடுத்துப் போட்டேன். சீப்பை எடுத்துத் தலையைச் சீவினேன். அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சீவி முடித்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது. "பொயிலர் வெடிச்சிட்டு காக்கா. தங்கராசா உள்ளுக்குத்தான் நிண்டவன்." அந்தச் சீப்பை நான் வரம்பிலேயே போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு நான் சீப்பு வைத்துக்கொள்வதில்லை. கையால் கோதிக்கொண்டு திரிகிறேன் என்று நீங்களெல்லாம் பகிடி பண்ணுவீர்கள், பண்ணுங்கள்.

மில்லுக்கு மேலே ஓடு இல்லை. அரைவேக்காட்டு நெல் வீதிவரை சிதறிக் கிடந்தது. பொயிலரின் முகப்பு கழன்று சுவரோடு விழுந்திருந்தது. கண்ணாடி இல்லை, அதன் கீழ்த் திருகு இருந்தது. கைப்பிடி நேராக நின்றது. அதுமட்டும் இல்லை, அந்தத் திருகைச் சாம்பல் போட்டு மினுக்கியிருந்தான். இத்தனை வருஷம் என் கையில் கறுத்துக் கிடந்த பித்தளை தங்கம் மாதிரி மின்னியது. கோணலாக நின்றதைச் சரியாக்கி, மினுக்கி, தள்ளி நின்று பார்த்திருப்பான்.

ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். முகம் அவ்வளவு மோசமில்லை. அதற்குக் கீழே பார்க்க முடியவில்லை. பெண்சாதி செல்வராணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் அவன் கதைத்தான். "காக்கா, உங்கட கொப்பிய நான் வரி வரியா வாசிச்சுத்தான் செஞ்சன். கொப்பி சரி. நான்தான் எங்கயோ பிழ உட்டுட்டன், என்ன?" பதிலுக்காக என் முகத்தையே பார்த்தான். ஹாஜியார் பக்கத்தில் நின்றார், அவன் பெண்சாதி நின்றாள். நான் "ஓம் தம்பி" என்றேன்.

ஓம் என்ற அந்த ஒரு சொல்லோடு அவன் இரண்டு நாள் கிடந்து மூன்றாம் நாள் போனான். விசாரணைக்கு வந்த துரை என் சீ.ஆர். கொப்பியைப் புரட்டிப் பார்த்து, எவ்வளவு துப்புரவாக எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டினார். ஓட்டினவனின் பிழை என்று எழுதி மூடினார்கள். செல்வராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வினாயகபுரத்துக்குப் போனாள். ஹாஜியார் புதுப் பொயிலர் வாங்கி, இனி வேறு ஆள் கை வைக்கக் கூடாது என்று என் பொறுப்பில் விட்டார். பார், நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. கண் மங்கி இந்த வருஷம் வேலையை விடும்வரை ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பழைய கொப்பியை எரிக்கவும் முடியாமல் பெட்டியின் அடியில் வைத்தேன். உனக்குப் பதினைந்து வயதில் அது உன் கையில் அகப்பட்டது. "இந்த நட்சத்திரம் என்னத்துக்கு வாப்பா?" என்று நீ கேட்டதும், நான் குறிகளையெல்லாம் விளங்கப்படுத்தியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். குறியைச் சொன்னேன், கதையைச் சொல்லவில்லை. நீ அந்தக் குறியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ச் சரியாகவும் பாவித்தாய். இப்போது, நான் சொல்லிக்கொடுக்காத மற்றதையும் நீயாகவே கற்றுக்கொண்டாய்.

உன் கெசட்டைக் கேட்ட பிறகு உனக்கு எழுதக் கொப்பியை எடுத்தால், முதலில் எழுத வேண்டியது உனக்கில்லை என்று பட்டது. புதன்கிழமை வினாயகபுரத்துக்குப் போனேன். இந்தக் கலவர நாட்களில் அந்தத் தமிழ் ஊர்ப் பக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்கள் போவதில்லை. பஸ்ஸை மறித்து மூன்று இடத்தில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள், ஒவ்வொரு இடத்திலும் எங்கே, எதற்கு என்று கேட்டார்கள். ஒரு ஆளைப் பார்க்க என்றேன். செல்வராணி வளவில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். "ஆரு?" என்றாள். "மில்லுல இரிந்த காக்கா, தங்கச்சி" என்றேன். உள்ளே போய்க் கதிரை கொண்டுவந்து போட்டாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவ்வளவு தூரம் வந்தீர்களே என்றாள். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, கொப்பியில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. பாயில் கிடந்த கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். அந்த வரிசை முடியும்வரை நிமிரவில்லை. பிறகு, "அப்ப அவரு பிழ உடல்ல" என்றாள்.

"இல்ல தங்கச்சி."

"பத்து வருசமா இவனுக்கு என்ன சொல்லி வளத்தன் தெரியுமா உங்களுக்கு? ஒரு சாமானையும் தொடாதடா, உன்ட அப்பாட கை மாதிரித்தான் உன்ட கையும் எண்டு." அப்போதுதான் வாசலில் நின்ற பையனைக் கண்டேன். பதினொரு வயது இருக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். என் கண்ணில் தண்ணீர் வந்தது. "அழாதீங்க" என்றாள். "இஞ்ச இரிந்து அழ உங்களுக்கு நான் இடம் தரல்ல. எழுதித் தாங்க. உங்கட பேரு, ஊரு, செஞ்சது எல்லாம் போட்டு எழுதித் தாங்க. இவன் வாசிக்கட்டும். ஊரும் வாசிக்கட்டும்."

பையன் தன் பள்ளிக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தான். மடியில் வைத்து எழுதினேன். தங்கராசா பிழை விடவில்லை என்ற வரிக்கு முன்னால் என் கை பழக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டது. "இது என்ன?" என்று பையன் கேட்டான். "இத முதல்ல வாசிக்கணும் எண்டு அர்த்தம் மனெ" என்றேன். செல்வராணி தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். நான் குடிக்காமல் வைத்திருந்த கோப்பையை என் கையில் இருந்து எடுத்து மண்ணில் ஊற்றினாள். "இனி வராதீங்க" என்றாள். வந்துவிட்டேன்.

அந்தத் தாள் இனி ஊர் ஊராகப் போகும். மருதமுனைக்கும் வரும். அது வர முந்தி நான் போக வேண்டும் என்று நாளைக்கு உன் மாமனார் வீட்டுக்குப் போகிறேன். இப்படிப்பட்டவனின் மகனுக்குப் பொண்ணு தரமாட்டோம் என்று அவர்கள் சொன்னால், உனக்குக் கட்டுகிற அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். உன் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்று நீ என்மேல் கோபப்படலாம். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. உம்மாவுக்கு நேற்றுச் சொன்னேன். என் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, தன்னுடையதைக் குசினிக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவள் அப்படிச் செய்ததில்லை.

எட்டாம் வகுப்பு படித்தவன் கொம்பியூட்டர்காரனுக்கு வேலை சொல்லித் தருகிறான் என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை. பிளேன் ஏற முந்தி அந்த வரிகளை எடுத்த இடத்திலேயே திருப்பிப் போடு. புத்தகத்தை அச்சடி. மேசையில் வைத்துவிட்டு வராதே. புது ஆளை உட்காரவைத்து, நிறையை அழிக்கிற அந்த வரியை அவன் விரலால் தொடவைத்துக் காட்டு. அவன் கெட்டிக்காரனாக இருப்பான், துப்புரவானவனாக இருப்பான். அப்படிப்பட்டவனுக்குத்தான் அது அதிகம் தேவை. அதற்குப் பிறகு அவர்கள் உன்னைத் திருப்பிக் கூப்பிடாவிட்டால் கூப்பிடாமல் விடட்டும். நீ வெறுங்கையோடு வந்து இந்த வாசலில் நிற்பதை என்னால் பார்க்க முடியும். ஏதோ ஒரு வார்டில் ஒரு பிள்ளை கிடக்க, எல்லாம் சரியாகத்தானே செய்தேன் என்று ஒருத்தன் உன் முகத்தைப் பார்த்துக் கேட்க, நீ "ஓம்" என்று சொல்லி அந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதை என்னால் பார்க்க முடியாது. அந்த வேலையில் நான் பத்து வருஷம் இருந்திருக்கிறேன்.

பழைய கொப்பியில் ஏழு நட்சத்திரமும் இருக்கிற தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கறை இருக்கிறது, அதைப் பார்க்காதே. இதற்குப் பதிலாகக் கெசட் அனுப்ப வேண்டாம். உன் குரலை நான் நம்பிவிடுவேன். அச்சடித்த புத்தகத்தில் ஒன்றை எனக்கு அனுப்பு. அந்த இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியாது. நட்சத்திரம் தெரியும்.

உன் வாப்பா